நமக்கு ஒத்துவராதுங்க

என் வயிற்றைப் பற்றி எழுத எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியதையெல்லாம் அது ஏற்கெனவே நாலு பேர் முன்னால் செய்து முடித்துவிட்டது. என் ஒரே மகளின் கல்யாணத்தையே ஒரு கோப்பைப் பாலில் கவிழ்க்கப் பார்த்த வயிறு அது. சரியாகச் சொன்னால், கவிழ்க்கப் பார்த்தது வயிறு அல்ல, வாய்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது தன் பிழைப்பு மட்டும்தான் போகும். நான் பெற்ற பிள்ளையின் பிழைப்பையும் சேர்த்துக் கெடுக்கப் பார்த்தேன்.

பதுளை பஜாரில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. அப்பா அந்தக் கடையைப் பெரிதாக்கினார். நான் அதில் உட்கார்ந்து தொந்தியைப் பெரிதாக்கினேன். கடைக்குள் காலை வைத்ததும் முதலில் கண்ணில் படுவது கூரை வரைக்கும் அடுக்கிய பால்மாப் பக்கெட்டுகள். அதற்குக் கீழே நான். பால் விற்கிறவன் பால் குடிக்காமல் இருப்பானா? காலையில் ஒரு பால் தேத்தண்ணி, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று என்று குடித்துக்கொண்டுதான் இருந்தேன். குடித்த கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் பழைய ஆட்டோ ஒன்று ஸ்டார்ட் ஆகும். ஊதும், உறுமும், சில நாள் ஓடவும் செய்யும். வாயு என்று நான் பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்தேன். ஓமத் தண்ணி குடித்தேன். இஞ்சியை மென்றேன். பருப்பை நிறுத்தினேன், கிழங்கை நிறுத்தினேன், கடைசியில் மனைவியின் சமையலையே சந்தேகப்பட்டேன். பாலை மட்டும் நான் சந்தேகப்படவேயில்லை. பால் மேல் யாராவது பழி போடுவார்களா?

உண்மை வெளியானது, சுற்றுலாக்காரர்கள் குவியும் பக்கத்து ஊரான எல்லவில். ஒரு லீவு நாளில் மனைவி, மகளோடு போயிருந்தேன். வெள்ளைக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்த கடையில், அவர்களைப் பார்த்து நானும் உயரமான கிளாசில் மில்க் ஷேக் ஒன்று வாங்கிக் குடித்தேன். அதன் மேல் ஐஸ்கிரீம் வேறு மிதந்தது. பிறகு பதுளைக்கு ரயில் ஏறினோம். ரயில் நகர்ந்த கையோடு வயிறும் நகரத் தொடங்கியது. பெட்டியின் கழிப்பறையில் யாரோ இருந்தார்கள். தட்டத் தட்ட உள்ளேயிருந்து மன்னிப்புக் கேட்டார்களே தவிர வெளியே வரவில்லை. அடுத்த ஸ்டேஷன் தெமோதர. ரயில் நின்றதோ இல்லையோ, நான் இறங்கி ஓடினேன்.

தெமோதரவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஸ்டேஷனை விட்டுப் புறப்படும் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து போகும். உலகம் பூராவும் அதைப் பார்க்க வருகிறது. நான் அதைப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் கழிப்பறையில் குந்தியபடி, என் மனைவியும் மகளும் என் காலுக்கடியில் ரயிலில் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். போன் மனைவியின் கைப்பையில் இருந்தது. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது, இருவரும் வாசலில் நின்று சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தக் கதை வீட்டுப் படி தாண்டக் கூடாது என்று அன்றே இருவரிடமும் சத்தியம் வாங்கினேன்.

மறுநாள் டாக்டரிடம் போனேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பால்ல ஒரு சீனி இருக்கு. அத உடைக்கிறதுக்குக் குடல்ல ஒரு நொதியம் சுரக்கணும். குழந்தையில எல்லாருக்கும் சுரக்கும். வளர வளர நிறையப் பேருக்குக் குறைஞ்சிடும். உங்களுக்கும் குறைஞ்சிருக்கு. நோய் ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. தெமோதரவில் இறங்கியதற்கு ஒரு பெரிய நோயின் பெயராவது கிடைக்கும் என்று நினைத்திருந்தேன்.

மிச்சத்தை மகள் சொன்னாள். அவள் ஹாலிஎலப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞான ஆசிரியை. நொதியம் என்றால் சாப்பாட்டை உடைத்து உடம்புக்குள் சேர்கிற அளவுக்குச் சின்னதாக்கும் பொருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. எச்சிலில் இருப்பது மாவை உடைக்கும், இரைப்பையில் இருப்பது புரதத்தை உடைக்கும், இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சதையியிலிருந்து வருவது கொழுப்பை உடைக்கும். ஒருவர் வேலையை இன்னொருவர் செய்ய மாட்டார். பால் சீனியை உடைக்கும் நொதியத்துக்குப் பாடப்புத்தகத்தில் இலற்றேசு என்று பெயர். என் இலற்றேசு சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். உடைபடாத சீனி அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே குடியிருக்கும் கிருமிகளுக்கு அது கல்யாண விருந்து. விருந்தின் ஆரவாரம்தான் வெளியே கேட்கும் சத்தம்.

வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. கடைக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்து வைத்து நொதியம் பேசினேன். பாண் ரொட்டி வாங்க வந்தவரிடம், "அப்பிடியே முழுங்காதீங்க, நல்லா மெல்லுங்க, கொஞ்ச நேரத்துல இனிக்கும், ஏன் தெரியுமா?" என்று கேட்டேன். வயிற்று வலி என்று சொல்லாதவர்களுக்கும் சதையி எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டினேன். ஒருநாள் ஒரு அம்மா கால் மாற்றிக் கால் மாற்றி நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க மொதலாளி, பெருங்காயம் இருக்கா இல்லையா?" என்றார். அவருக்குப் பிறகு என் மனைவி. "சனங்க சாமான் வாங்க வர்றாங்களா, பரீட்சைக்குப் படிக்க வர்றாங்களா?"

ஊருக்கெல்லாம் இப்படி அளந்த வாய்தான், அளக்க வேண்டிய ஒரே இடத்தில் நொதியம் என்ற சொல்லையே மறந்தது.

மகள் ஒருவரை விரும்பினாள். அதே பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர். ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் இன்னமும் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில்தான் இருந்தார்கள். பிள்ளை தங்கமான பிள்ளை. எனக்குப் பேசிய முதல் நாளே பிடித்துவிட்டது. பஜாரில் எங்கள் சொந்தக்காரர்கள் சிலர், "லயத்துலயா பொண்ணு குடுக்கப் போறீங்க?" என்று இழுத்தார்கள். அவர்களிடம் நான் நெஞ்சை நிமிர்த்தி, "அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு" என்று சொன்னேன். அப்படிச் சொல்லும்போது என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குக் கிளம்பினேன். "மொதல்ல நீங்க போய் ஒரு எட்டுப் பாத்துப் பேசிட்டு வாங்க, அப்புறம் நான் வாரேன்" என்றாள் மனைவி. என்னைத் தனியாக அனுப்பிய அந்த ஒரு தவறை அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பேச்சு முடிவாகும் வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது, அதாவது சோறு சாப்பிடக் கூடாது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். தேத்தண்ணியோ பாலோ மட்டும் குடிக்கலாம். அதையும் தொடாமல் எழுந்து போனால், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று வாயால் சொல்லாமல் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. இரண்டு மூன்று சம்பந்தங்களுக்கு நானே நடுவில் இருந்து, இந்த நியாயத்தை மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறேன்.

வீட்டின் முன்னால் இஸ்தோப்பில், அந்தச் சின்ன விறாந்தையில், எனக்கு நாற்காலி போட்டார்கள். பையனின் அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். பேச்சு நடக்கும்போது பையன் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று அவரை வெளியே அனுப்பிவிட்டிருந்தார்கள். லயத்துக்குப் பின்னால் மாடு ஒன்று கத்தியது. மழை, மகசூல், தேங்காய் விலை என்று பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் அம்மா உள்ளேயிருந்து ஒரு கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஏலக்காய் மணந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது.

"நம்ம மாட்டுப் பாலுங்க. ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலை. எடுத்துக்குங்க."

அதே நேரத்தில் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "பிள்ளைங்க ரெண்டும் மனசு ஒத்துப் போயிருச்சுங்க. நம்மகிட்ட பெருசா ஒண்ணும் இல்லை, மொதலாளி. நாங்க குடியிருக்கிற இந்தக் காம்பரா, அந்த மாடு. நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் கேட்டது என் காதில் விழுந்தது. ஆனால் என் புத்தி முழுவதும் கோப்பைக்குள் இருந்தது. சுத்தப் பால். இதைக் குடித்துவிட்டு வளைந்து வளைந்து இறங்கும் தோட்டத்து ரோட்டில் ஆட்டோவில் குலுங்கிப் போக வேண்டும். தெமோதர கண்முன்னே வந்தது. அம்மாவுக்குத்தான் பதில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கோப்பையை மெல்லத் தள்ளி வைத்து, முடிந்த அளவு மரியாதையாகச் சொன்னேன்:

"கோவிச்சுக்கக் கூடாது. மனசுல ஆசைதான். ஆனா இது நமக்கு ஒத்துவராதுங்க. பின்னால கெடந்து கஷ்டப்படுறதவிட இப்பவே சொல்லிடுறது நல்லது, இல்லைங்களா?"

சாப்பாட்டைச் சொல்வதென்றால் ஒத்துக்காது என்று சொல்ல வேண்டும். சம்பந்தத்தைச் சொல்வதென்றால்தான் ஒத்துவராது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தியாசம். அதோடு எனக்கு என்று சொல்லியிருந்தாலாவது தப்பியிருக்கலாம். நமக்கு என்றேன். கடைக்காரர்களின் வாய்ப்பழக்கம் அது; எனக்குத் தலைவலி என்றாலும் நமக்குத் தலைவலி என்றுதான் வரும். ஆக, என் குடும்பம், என் பஜார், என் பரம்பரை எல்லோரையும் சேர்த்துக்கொண்டு ஒத்துவராது என்று சொல்லியாகிவிட்டது.

அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்பா, "சரிங்க. மனசுல உள்ளத நேராச் சொல்லிட்டீங்க. அது நல்லதுதான்" என்றார். எவ்வளவு புரிந்துகொள்ளும் மனிதர்கள் என்று நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். வேறு வீடாக இருந்தால், ஒரு வாய் குடிங்க, அரை வாய் குடிங்க என்று உயிரை எடுத்திருப்பார்கள். மழை இருட்டிக்கொண்டு வரவே, "மத்தத அப்புறம் பேசிக்குவோம்" என்று எழுந்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு ஆட்டோ வரைக்கும் வந்தார். குடை முழுவதும் என் தலைக்கு மேலேதான் இருந்தது. அவர் நனைந்துகொண்டே நடந்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். "அருமையான சனம்" என்றேன் மனைவியிடம். "பால் வேணாம்னேன், ஒரு வார்த்தை வற்புறுத்தலை."

"அது கெடக்கட்டும். பேச்சு என்ன ஆச்சு?"

பேச்சா? நான் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் மகள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

"இது நமக்கு ஒத்துவராதுன்னு சொன்னீங்களாப்பா?"

"ஆமா, சொன்னேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "மரியாதையாத்தான் சொன்னேன்."

மனைவி தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் என் தலைக்குள் வெளிச்சம் வந்தது. மகள் அழுதுகொண்டே, "வச்ச கோப்பைய வாயிலகூட வைக்கலையாமே. லயத்து வீடுன்னுதானேப்பா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அதில் நியாயம் இல்லாமல் இருந்திருந்தால் சுட்டிருக்காது. என் அப்பா தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் பிளாஸ்கில் தன் தேத்தண்ணியைக் கொண்டுபோவார். லயத்து வீடுகளில் ஒரு மிடறு தண்ணீர் குடித்தவரில்லை. பஜார்க்காரர்கள் அப்படித்தான் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த அப்பாவின் மகன் அதே பஜாரிலிருந்து வந்து, கோப்பையைத் தள்ளிவைத்து, ஒத்துவராது என்று சொன்னால் அவர்கள் வேறு என்னத்தை நினைப்பார்கள்? என் இலற்றேசையா நினைப்பார்கள்? மகளின் முகத்தைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது.

உடனே போன் எடுத்துப் பையனின் அப்பாவிடம் விளக்கினேன். பால் சீனி, பெருங்குடல், கிருமி எல்லாவற்றையும் ஒழுங்கு தவறாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாக, "விடுங்க, மொதலாளி. ஒரு கடை நிறையப் பால்மா விக்கிறவரு, பால் ஒத்துக்காதுன்னு சொல்லி எங்களச் சமாதானம் பண்ண வேணாம். மொதல்ல சொன்னீங்களே, அதுலதான் மரியாதை இருந்துச்சு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? அந்த நொதியத்தை மாத்திரையாகவே விற்கிறார்கள் என்று யூடியூபில் பார்த்திருந்தேன். பாலோடு சேர்த்து விழுங்கினால், ஓடிப்போன ஆளுக்குப் பதிலாக அது வேலை பார்க்கும். கொழும்பில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து வரவழைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய், அவர்கள் கண்முன்னால் ஒரு சொம்புப் பாலை மடமடவென்று குடித்துக் காட்டப் போவதாக வீட்டில் அறிவித்தேன்.

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பால் ஒத்துக்காதுன்னு நிரூபிக்கப் பாலக் குடிச்சுக் காட்டப் போறீங்களா?"

நான் மாத்திரை அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.

காரியத்தைச் செய்தவள் மகள்தான். பள்ளிக்கூடம் விட்டதும் ஒருநாள் அவளே அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல், "ஞாயித்துக்கிழமை நம்ம மூணு பேரையும் வரச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

"என்ன சொன்ன?"

"தெமோதரயச் சொல்லிட்டேன்ப்பா."

"எது வரைக்கும் சொன்ன?"

"ரயில் கீழ போனது வரைக்கும்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது. மனைவி என்ன சொன்னாலும் ஒரு கோப்பையாவது குடித்துவிடுவது என்றுதான் போனேன். அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து வாயை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். கதை லயம் முழுவதும் போயாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். பையனின் அப்பா என்னை உட்கார வைத்து, முகத்தை மிகவும் சிரமப்பட்டு நேராக வைத்துக்கொண்டு கேட்டார்.

"தெமோதரயில எறங்கினது நெசந்தானுங்களா?"

"நெசந்தாங்க."

"அதக் கேட்டப்புறம்தான் எங்களுக்கு நம்பிக்கை வந்துச்சு. பெத்த அப்பனப் பத்தி அப்பிடி ஒரு கதைய எந்தப் பிள்ளையும் கட்டிச் சொல்லாதுங்க."

அம்மா தட்டில் கோப்பைகளைக் கொண்டுவந்தார். நான் பையிலிருந்த அட்டையைத் தடவிக்கொண்டே, "எனக்குப் பால் ஊத்தியே குடுங்கம்மா" என்றேன். குனிந்து பார்த்தால் எல்லாக் கோப்பையிலும் பிளேன்டீ. எனக்கு மட்டுமல்ல, என் மனைவிக்கும், மகளுக்கும், அவர்கள் வீட்டு மாப்பிள்ளைப் பையனுக்கும், வீட்டுக்காரருக்கும் எல்லாமே பிளேன்டீ. பக்கத்தில் துண்டு துண்டாகக் கித்துள் கருப்பட்டி.

"பால் இல்லைங்க. இன்னிக்கு எல்லாருக்கும் இதுதான்" என்றார் அம்மா. "நீங்க ஒருத்தர் மட்டும் தனியாக் குடிச்சா நல்லா இருக்காதுல்ல."

விருந்தாளிக்குப் பால் இல்லாத தேத்தண்ணி கொடுப்பதைத் தோட்டத்தில் யாரும் மரியாதை என்று நினைப்பதில்லை. மாடு வைத்திருக்கிற வீட்டில் அதை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். எனக்காக அந்த வெட்கத்தை அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கோப்பையைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். அவ்வளவு நல்ல தேத்தண்ணியை அதற்கு முன்னால் நான் குடித்ததில்லை, கொழுந்தின் ருசி அப்படியே இருந்தது. இத்தனை வருஷம் அதைப் பாலுக்குள் முக்கிக் கொன்றுகொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு பாய் விரித்து எங்களை உட்கார வைத்துத் தட்டுகளைக் கொண்டுவந்தார்கள். சோறு, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு. ஒரு சட்டியில் தயிர்.

"பால உறை ஊத்திட்டேங்க" என்றார் அம்மா. "தயிருன்னா அவ்வளவாப் பண்ணாதுன்னு மக சொல்லுச்சு."

மகள் எனக்கும் அதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். உறையில் உள்ள கிருமிகள் பால் சீனியில் ஒரு பங்கை ஏற்கெனவே உடைத்துத் தின்றுவிடும். நம் வேலை குறைவு. ஆனால் அப்போது எனக்குத் தட்டுதான் பெரிதாகத் தெரிந்தது. முன்னால் சோறு, பேச்சு இன்னும் முடிவாகவில்லை. யாரும் சாப்பிடத் தொடங்கவில்லை. பையனின் அப்பா முன்பு போலவே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப, என்னங்க சொல்றீங்க?"

வாயைத் திறக்கப் போனேன். மனைவி பாயின் ஓரத்திலிருந்து பார்த்த பார்வையில் அப்படியே மூடிக்கொண்டேன். மகள் தலையைக் குனிந்து விரலைப் பிசைந்துகொண்டிருந்தாள். சாப்பாட்டின் சமிபாடு வாயில்தான் தொடங்குகிறது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். என் வாயில் எது தொடங்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லாததால், ஒன்றும் சொல்லாமல் சோற்றில் கையை வைத்தேன். நன்றாக, ஐந்து விரலும் நனையப் பிசைந்தேன்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். பையனின் அப்பா தயிர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என் பக்கமாகக் குனிந்தார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"இது ஒத்துவருமாங்க, சம்மந்தி?"

அவர் எதைக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.

"நமக்கு நல்லா ஒத்துவரும்ங்க" என்றேன், வாய் நிறையச் சோற்றோடு.